எட்டு மாதக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு என்ன வாங்கலாம்?

பட அட்டை வாங்கலாமா, மொபைலில் ரைம்ஸ் போட்டுவிட்டால் பேச்சு சீக்கிரம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: காசை மிச்சம் பிடியுங்கள்.

பேறுகாலத்துக்குக் காரைக்குடிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனபோதே என் பையில் ஒரு கறுப்பு வெள்ளை அட்டைக் கட்டு இருந்தது. ஆயா (அம்மாவைப் பெற்றவர், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைப் புரட்டிவிட்டு, "பிள்ளைக்கு இது எதுக்குடி, உன் மூஞ்சியக் காட்டு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது நம் முகம் இருக்கிற தூரம் அதுதான்.

மகளுக்கு எட்டு மாதமானபோது மறுபடி போயிருந்தோம். வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. அவள் எவர்சில்வர் கரண்டியைக் கீழே போடுவாள், ணங்கென்று சத்தம் வரும், உடனே ஆயா முகத்தைப் பார்ப்பாள். "அடி ஆத்தி, விழுந்திருச்சா!" என்று ஆயா எடுத்துக் கொடுப்பார். திரும்பவும் ணங். பத்தொன்பது வரை எண்ணினேன். அடுத்த முறை ஆயா வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கரண்டியைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள், "ஆ!" என்று ஒரு அதட்டல் போட்டாள். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. இவள் ஒன்று செய்ய, அவர் பதில் சொல்ல.

பிறக்கும்போது மூளையின் எடை பெரியவர்களுடையதில் கால் பங்குதான். நரம்பணுக்களில் பெரும்பகுதி அப்போதே இருக்கும். அதற்குப் பிறகு பெருகுவது அவற்றுக்கிடையேயான இணைப்புகள், அதுவும் தேவைக்கு மேல். புழங்குகிற இணைப்பு உறுதிப்படும், புழங்காதது கழிந்துபோகும். பங்காளிகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட பெரிய வீட்டைப் பார்த்திருப்பீர்களே, ஆள் புழங்கும் அறை நன்றாக இருக்கும், பூட்டிக் கிடப்பது இடிந்துபோகும். கிட்டத்தட்ட அப்படி.

இது ஒலியில் நன்றாகத் தெரியும். 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர், ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்க வைத்தார். நம் காதுக்கு அவை 'த', 'ட' மாதிரிதான். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலும் தெரியவில்லை. உங்கள் குழந்தை அந்த வாசலில்தான் நிற்கிறது.

அப்படியென்றால் மொபைலில் கேட்டால் போதாதா? 2003-இல் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கிப் பார்த்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது அந்த ஒலிகள் பிடிபட்டன. அதையே டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லிவிட்டது. (சிங்கப்பூரில் இருக்கும் அப்பா வீடியோ காலில் வருவது வேறு கதை. அவர் பதில் பேசுகிறாரே.)

அதற்காக ஆயா சொன்னதெல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கத் தேனோடு வந்தவரிடம் நான் சண்டையே போட்டேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியால் தசைகள் செயலிழக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல் இரும்புச்சத்து குறைந்தாலும் மூளை வளர்ச்சி பாதிக்கும். இணை உணவு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, 'பா பா', 'மா மா' என்று ஏதாவது மழலை வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். "நம்ம வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசுனோம்" என்று யாராவது சொன்னால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு அந்த வாரமே டாக்டரிடம் கிளம்புங்கள்.