குற்றத் தொடர்களும் லாக்கப் அடியும்: கேளுங்கள், சொல்கிறேன்

2022-ல் வந்த 'சுழல்', 'விலங்கு' தொடர்களில் மனதைத் தொந்தரவு செய்யும் காட்சிகள், போலீஸைக் காட்டியிருக்கும் விதம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நான் குற்றவியல் வழக்கறிஞர். சொத்துத் தகராறு கேட்டவர்கள் மன்னிக்கவும்.

வக்கீல் சார், எட்டு வயசு மகளோட 'சுழல்' பார்க்கலாமா?

வேண்டாம். மயானக் கொள்ளைத் திருவிழா, வேஷம், மேளம் எல்லாம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். கதையின் அடியில் இருப்பது குழந்தை மீதான பாலியல் கொடுமை. கதையைப் போட்டுடைத்துவிட்டேன் என்று திட்டாதீர்கள், அதை மறைத்துக்கொண்டு எச்சரிக்க வழியில்லை. அந்தக் காயம் உள்ள பெரியவர்களும் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

வயது முத்திரையை நம்பலாமா?

ஓரளவு. 2021 விதிகளின்படி யு, 7+, 13+, 16+, ஏ என்று பிரிப்பது தணிக்கை வாரியம் அல்ல, அந்தந்த ஓடிடி தளமே. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். பூட்டுவது நீங்கள். என் குறை வேறு: 'வன்முறை' என்று ஒரே சொல் போடுகிறார்கள். தெருச்சண்டையும் லாக்கப்பில் கட்டிவைத்து அடிப்பதும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

பாதிக்கப்பட்ட குழந்தையை யூனிஃபார்மில் ஸ்டேஷனில் வைத்து விசாரிப்பதாகத் தொடர்களில் வருகிறதே?

போக்சோ சட்டம் 24-வது பிரிவு அதற்கு நேர் எதிர். குழந்தையின் வீட்டில், அல்லது குழந்தை விரும்பும் இடத்தில்தான் வாக்குமூலம். கூடியவரை எஸ்.ஐ.க்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. தொடரைப் பார்த்துச் சட்டம் படிக்காதீர்கள்.

நாலு அடி விழுந்ததும் ஒத்துக்கிறான், கேஸ் முடியுது. நிஜத்துலயும் அப்படியா?

அங்கேதான் கேஸ் கெடுகிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அன்று சாட்சியச் சட்டம் 25; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் 23. பிறகு ஏன் அடிக்கிறார்கள்? ரெகவரிக்காக. அவன் சொன்ன இடத்தில் கத்தி கிடைத்தால், கண்டுபிடிப்புக்குக் காரணமான அந்தப் பேச்சு மட்டும் கோர்ட்டில் செல்லும். ஆனால் வற்புறுத்தி வாங்கியது என்று தெரிந்தால் அதுவும் அடிபடும்; தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தொடரில் வாக்குமூலத்தோடு பின்னணி இசை உச்சத்துக்குப் போகும். குறுக்கு விசாரணை எபிசோடை யாரும் எடுப்பதில்லை.

தம்பி, நான் ரிட்டயர்டு ஏட்டு. அடிக்காம எவன் வாயைத் திறக்கிறான்? ஏசி ரூம்ல பேசுறது சுலபம்.

ஐயா, உங்கள் பணிச்சுமை எனக்குத் தெரியும். பந்தோபஸ்து முடிந்து வந்தவரிடமே கேஸ் கட்டையும் கொடுக்கிறார்கள். அடிப்பது அந்தச் சுமையைக் குறைக்கும் குறுக்குவழி. ஆனால் வலி தாங்காமல் சம்பந்தமில்லாதவனும் ஒத்துக்கொள்வான். உண்மையில் செய்தவன் வெளியே திரிவான்.

அப்ப ஸ்டேஷன்ல இருக்கவன் எல்லாம் வில்லனா?

அப்படி எங்கே சொன்னேன்? சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் இறந்தபோது, நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர். உங்கள் பதவிதான் ஐயா. கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததும் நடுவர் அறிக்கையில் வந்தது. அந்த டிசம்பரில்தான் லாக்கப் உட்பட எல்லா இடத்திலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஏட்டம்மாவைத் தொடரில் காட்டுங்கள், முதல் ஆளாகப் பார்க்கிறேன். இங்கே ஏட்டு என்றாலே தொப்பையும் டீ கிளாஸும்.

அதுல நீங்க சொல்றது சரி. தொப்பை விஷயம் எங்களுக்கும் கடுப்புதான்.

ஒன்றிலாவது ஒத்துப்போனோம்.

'பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்'னு மாவுக்கட்டோட காட்டுறது காமெடிதானே சார்?

இல்லை. தியேட்டரில் சிரிப்பு வருவதுதான் எனக்குப் பயம். ரத்தம் தெறிக்கும் காட்சியில் கண்ணை மூடிக்கொள்கிறோம். இதற்குக் கை தட்டுகிறோம். நிஜத்தில் கைதானவரை மருத்துவர் பரிசோதித்துக் காயங்களைக் குறிக்க வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அங்கே வாய் திறந்து சொல்லலாம். தொடரைப் பார்த்து, மறுபடி சொல்கிறேன், சட்டம் படிக்காதீர்கள்.

பத்து வயசுப் பையனோட 'விலங்கு' பார்க்கலாமா?

வேண்டாம். விசாரணை அடியும் வசவும் உண்டு.

பன்னிரண்டு வயசுக்கு 'சுழல்'...?

முதல் பதிலைப் படியுங்கள்.

என் மச்சான் பைக் கேஸ்ல உள்ள இருக்கான், ஜாமீன்...

தொடரை விட்டுவிட்டு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும். இன்றைக்கே போங்கள்.