எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டியதும் பிரீமியர் பத்மினி காரின் கார்புரேட்டர் வழிகிறதா?

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் நீடில் வால்வைத் திரும்ப மாற்ற வேண்டாம். புதிதாகப் போட்டும் பெட்ரோல் வழிகிறது என்றால் பம்பின் அழுத்தம்தான் அதிகம். கார்புரேட்டருக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும்; நீடில் வால்வை மூடும் மிதவையான ஃப்ளோட்டால் அதைத் தடுக்கவே முடியாது.

கார்புரேட்டருக்கு முன்னால் டி-இணைப்பு போட்டு, அழுத்தம் காட்டும் 0–15 பிஎஸ்ஐ கேஜ் மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். முள் 4-ஐத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பாக இருந்தால் ரெகுலேட்டரோடு போராடாமல் பம்பையே மாற்றுங்கள்.

பம்பை டேங்க் பக்கத்தில், தாழ்வாக, டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஃபில்டர் வரும்படி வையுங்கள். எலெக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் மோசம். பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, அந்த வாயைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள்.

வழிந்த பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம்; ஓட்டும் முன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் மாற்றியே ஆக வேண்டும்.

பம்பின் ஒயரை நேராக இக்னிஷனில் கொடுத்துவிடாதீர்கள். விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றதும் பம்பை நிறுத்த உதவும் ஆயில் பிரஷர் சுவிட்ச், அதோடு ரிலே, ஃபியூஸ் மூன்றும் கட்டாயம்.