கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பம் போடுங்கள்

கேள்வி: சின்ன வெங்காயம் தோல் உரிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். காப்புரிமை வாங்கித் தர ஏஜென்ட் ஒருவர் 90 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். முழுவதும் அரசு மானியமாகத் திரும்பிவிடும் என்கிறார். அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சியில் இயந்திரத்தை வைக்கிறேன். பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குச் செலவைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் காப்புரிமை கைக்கு வந்த பிறகுதான் தருவார்கள், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இன்றைக்கே உத்தரவாதம் தருபவரை நம்ப வேண்டாம்.

தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். மீதி எழுதிக் கொடுப்பதற்கான கூலி. நல்ல முகவருக்கு அது நியாயமே. அவரிடம் ஐஎன்/பிஏ என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண்ணைக் காட்டி "பேடன்ட் கிடைத்துவிட்டது" என்று ஏமாற்றுகிறவர்கள் ஏராளம். அது வெறும் ரசீது.

அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் முகவர் கூலியை மத்திய அரசே கொடுக்கிறது, நீங்கள் அரசுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். அந்த அங்கீகாரத்துக்கும் கட்டணம் கிடையாது. இவ்வளவு நல்ல திட்டம் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் கொடு என்றால், பட்டறைக்காரர் இடைத்தரகரிடம் போகாமல் எங்கே போவார்? தமிழில் எழுதியதை வாங்கி மொழிபெயர்த்துக்கொள்ள ஓர் அரசால் முடியாதா?

சரி, உங்கள் அவசரம் கண்காட்சி. விண்ணப்பத்துக்கு முன் இயந்திரத்தை ஊருக்குக் காட்டினால் அது 'புதிது' என்ற தகுதியை இழந்துவிடும். "கண்காட்சிக்கு விலக்கு இருக்கிறதே" என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, காப்புரிமைச் சட்டத்தின் 31வது பிரிவில். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான் அது. அந்தக் கண்காட்சி தொடங்கிய 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அமைச்சர் வந்து திறந்து வைத்தாலும், அரசுக் கல்லூரியே நடத்தினாலும், அறிவிப்பு இல்லையென்றால் விலக்கு இல்லை. அமைப்பாளரிடம் அரசிதழ் அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். தரவில்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கண்காட்சிக்கு முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். உரிக்கும் பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படத்தோடு முழுமையாக எழுதுங்கள், எழுதாத பாகத்துக்குப் பாதுகாப்பு கிடைக்காது. 12 மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும். அப்புறம், முதலில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 31 மாதத்துக்குள், விண்ணப்பத்தை ஆராயும்படி கேட்கும் பரிசோதனைக் கோரிக்கையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை விட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கொள்வார்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம்.