மரம் நடவா, களை பிடுங்கவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி, சதுப்பு நிலம், நகரக் காடு என்று வேலைக்குப் போகிறவர்களும் போக நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்நூறு மரக்கன்று நட ஆசை. என்ன மரம் நடலாம்? யாரிடம் அனுமதி கேட்பது?
(சோழிங்கநல்லூர் வாசகர்)

எந்த மரமும் வேண்டாம். பள்ளிக்கரணை காடு அல்ல. மழைநீர் பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாக மெல்ல வடிகிற திறந்த வெளி. 2007இல் அதன் 317 ஹெக்டேர், வனத்துறை பாதுகாப்பில் வரும் நிலம் என்ற சட்டப் பொருளில், காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் தகுதி, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. அங்கே மரம் நட வேண்டுமானால் மண் கொட்டி மேடு போட வேண்டும். மேடு போட்ட அளவுக்கு நீர் நிற்கும் இடம் போய்விடும். பூநாரையும் உள்ளானும் சுற்றிலும் தூரம்வரை தெரிகிற இடத்தில்தான் நிம்மதியாக மேயும். நடுவில் மரம் வந்தால் காக்கையும் பருந்தும் அதில் உட்கார்ந்து குஞ்சுகளுக்குக் குறிவைக்கும்.

அனுமதி கட்டாயம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், ஆள் எண்ணிக்கை, என்ன வேலை, என்ன கருவிகள், எடுத்த குப்பை எங்கே போகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஏரி என்றால் அது நீர்வளத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா, ஊராட்சியுடையதா என்று முதலில் விசாரியுங்கள். தவறான அலுவலகத்தில் வாங்கிய கடிதம் செல்லாது.

நாற்பது பேர் ஒருநாள் வருவதைவிட எட்டுப் பேர் மாதாமாதம் வருவது மேல். கூட்டம் பெரிதானால் பாதிப் பேர் படம் எடுப்பார்கள், மீதிப் பேர் நாற்றங்காலை மிதிப்பார்கள். அப்படியும் நாற்பது பேரோடு வருவதானால், எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் செடி தெரிந்த ஆளை நிறுத்துங்கள்.

கல்லூரி வளாகக் காட்டில் உண்ணிச்செடியை மூன்று முறை வெட்டிவிட்டோம். ஒவ்வொரு மழைக்கும் முன்னைவிட அடர்த்தியாக வருகிறதே?
(கோவை வாசகி)

வெட்டியதால்தான் அடர்த்தியாக வருகிறது. உண்ணிச்செடியின் தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் நிறைய உண்டு. தரையோடு வெட்டினால் அத்தனையும் விழித்துக்கொள்ளும். பொக்லைன் விட்டால் இன்னும் மோசம். உடைந்த தண்டுத் துண்டுகள் ஈர மண்ணில் வேர் பிடிக்கும், புரண்ட மண்ணில் புதைந்திருந்த விதையும் மேலே வரும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு வகுத்த முறை ஒன்று உண்டு. கருவி மலிவு, பலன் நிச்சயம். இருவர் வேண்டும். ஒருவர் கவைக்கோலால் புதரைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் தூரைச் சுற்றியுள்ள சருகை விலக்கி, மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரைக் களைக்கொத்தியால் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அந்த ஆழத்துக்குக் கீழே உள்ள வேரில் மொட்டு கிடையாது. அதைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். வெட்டிய புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானம் பார்க்க வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் படுத்த தண்டு கணுவில் வேர்விட்டு மறுபடி எழும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

காய் பழுக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். முதல் மழைக்குப் பிறகு திரும்பப் போய், பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் பாருங்கள். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையை அங்கேதான் போடும். விரல் நீள நாற்றாக இருக்கும்போதே பிடுங்கினால் ஒரு மணி நேர வேலை. ஒரு வருடம் விட்டால் பழைய கதைதான். வெற்றிடமாகக் கிடக்கும் மண்ணில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவுங்கள். வெயில் நேரே விழும் வெறும் மண்ணில் உண்ணிச்செடியும் பார்த்தீனியக் களையும் முந்திக்கொள்ளும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பிடுங்குங்கள். தோல் அரிப்போ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஊர் ஏரியில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இளைஞர் மன்றம் சார்பில் நாங்களே எடுக்கலாமா?
(செங்கல்பட்டு வாசகர்)

கட்டைவிரல் தடிமன் வரை உள்ளதை நீங்கள் எடுக்கலாம். மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது கையாலேயே வரும். அதற்கு மேற்பட்டதைக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு எடுக்க வேண்டும். கிளைகளைக் கழித்துவிட்டு, தண்டை மட்டும் மூன்றடி உயரத்துக்கு விட்டுவையுங்கள், அதுதான் நெம்புகோல். சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, தண்டை ஆட்டிச் சாய்த்தால் முண்டோடு வரும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வந்தால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்து முளைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். ஏரிக்கரையின் மேல் நிற்கும் மரத்தைத் தோண்டாதீர்கள். வேர் போன பள்ளம் வழியாக மழைக்காலத்தில் கரை கசியும். அதை நீர்வளத் துறையின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது, கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ராமநாதபுரம் பக்கக் கண்மாய்களில் நாட்டுக் கருவேலத்தில் மட்டுமல்ல, சீமைக் கருவேலத்திலும் பறவைகள் கூடு வைக்கின்றன. அப்படி இருந்தால் குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுங்கள். பிறகும் ஒரே மூச்சில் எடுக்காமல், மாற்று மரம் வளர வளரப் பகுதி பகுதியாக எடுங்கள். மூன்றாவது, பொது நிலத்து விறகு அரசுக்குச் சொந்தம், ஏலத்துக்குப் போகும். மன்றச் செலவுக்கு என்று விற்றால் வழக்கு வரும்.

நெற்று விழுந்த பிறகு அந்த இடத்தில் ஆடு மாடு மேய்ந்தால் விதை சாணத்தோடு ஊரெல்லாம் போகும். மண்ணில் கிடக்கும் விதையோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து முளைக்கும். ஆகவே நெற்று முற்றும் முன் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில மழைக்காலங்களிலும் நாற்று பிடுங்க ஆள் உண்டா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லையென்றால் பாதி ஏரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியாவது சுத்தமாக இருக்கும்.

காலில் ரப்பர் செருப்பு கூடவே கூடாது, முள் அடியைத் துளைத்து ஏறும். கனத்த அடியுள்ள பூட்ஸ், தோல் கையுறை வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள்.

குளத்து ஆகாயத்தாமரையை எடுத்துக் கரையில் போட்டோம். இரண்டே மாதத்தில் குளம் மறுபடி நிரம்பிவிட்டது.
(தாம்பரம் வாசகர்)

கரையிலேயே போட்டதால் மழைநீர் பாதியைத் திரும்பக் கொண்டுபோயிருக்கும். குறைந்தது பதினைந்தடி தள்ளி, ஓடுநீர் வராத மேட்டில், வேர் மேலே இருக்கும்படி மெல்லியதாகப் பரப்புங்கள். குவித்தால் அடியில் உள்ளது பச்சையாகவே கிடக்கும். காற்று எந்தப் பக்கம் ஒதுக்குகிறதோ அங்கிருந்து எடுக்கத் தொடங்கி, எடுத்த பகுதிக்குக் குறுக்கே மூங்கில் கட்டிய கயிறு போட்டுத் தடுங்கள். தாழைக்கோழி, இலைக்கோழியின் கூடு இருக்கும் திட்டைத் தொட வேண்டாம்.

ஆனால் கழிவுநீர்க் குழாய் ஒன்று குளத்தில் திறந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். இருந்தால் முதல் வேலை செடி எடுப்பதல்ல, மாநகராட்சியில் புகார் கொடுப்பதுதான். அந்த உரம் வந்துகொண்டிருக்கும்வரை எத்தனை ஞாயிறு எடுத்தாலும் வளரும். கழிவுநீரில் வளர்ந்த செடியைக் காய்கறிக்கு உரமாக்காதீர்கள், கன உலோகங்களை அது உறிஞ்சி வைத்திருக்கும்.

சம்புப் புல்லுக்கு வேறு வழி. நீர்மட்டத்துக்கு மேலே வெட்டினால் தழைக்கும். நீருக்குள் மூழ்கும்படி வெட்டினால் கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன் தரையோடு வெட்டினால் மழையே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முழுவதையும் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கையாவது பறவைகளுக்கு விடுங்கள்.

பாம்பு?
(பெயர் எழுதாத வாசகி)

இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். புதரைக் கம்பால் தட்டிவிட்டுப் பிறகு தொடுங்கள். குப்பைக் குவியலை நீங்கள் நிற்கும் பக்கமாக இழுக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். எலும்பு முறிந்தால் எப்படியோ அப்படிக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை.

எங்குமே மரம் நடக்கூடாதா?
(அடையாறு வாசகர்)

காடாக இருந்த இடத்தில் நடலாம். சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு. கிண்டி தேசியப் பூங்காவில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். வீரை, உலக்கைப் பாலை, காசான், விளா, நுணா ஆகியவை அந்த மண்ணுக்குப் பழகியவை. மெதுவாகத்தான் வளரும், அதனால் நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆற்றோரம் என்றால் நீர்மருது, புங்கன்.

அக்டோபர் மழை தொடங்கும்போது நடுங்கள். குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அதை நறுக்கிவிடுங்கள், இல்லையேல் மரம் வளர்ந்த பிறகு காற்றுக்குச் சாயும். சருகு மூடாக்கு நான்கு விரல் கனத்துக்கு இருக்கட்டும், தண்டைத் தொட வேண்டாம். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் எண்ணிக்கைக்கு மட்டும் நடுங்கள்.

வயது 68, முட்டிவலி. என்னால் என்ன செய்ய முடியும்?
(மயிலாப்பூர் வாசகி)

அம்மா, ஆள் கிடைக்காத வேலை உங்களுக்கென்றே இருக்கிறது. கோட்டூர்புரம் மரப் பூங்கா போன்ற இடங்களில் பை நிரப்பவும், விதை பிரிக்கவும், நாற்றுக்குப் பெயர்ச்சீட்டு எழுதவும் உட்கார்ந்தே செய்யலாம். பறவை தெரிந்தால் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் எழுதுகிறவராகச் சேருங்கள். எண்ணுகிறவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து இனம், எண்ணிக்கை, நேரம் எழுதத் தெளிவான கையெழுத்துள்ள ஒருவர் வேண்டும். மடக்கு நாற்காலியும் தொப்பியும் எடுத்து வாருங்கள்.