காடிலாக் என்ற பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பொருளை உசத்தி என்று சொல்ல வேண்டுமானால் ‘அந்த வகையில் அது காடிலாக்’ என்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக்குக்கூட இதே பேச்சுதான். ஆனால் காடிலாக் காரையே வாங்கப் போகிறேன் என்றால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தாத்தாக்களின் வண்டி, இன்ஜின் தாங்காது என்கிறார்கள். ஒரே பெயருக்கு எப்படி இப்படி இரண்டு பொருள் வந்தது? பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய 1999 காடிலாக் டெவில் (DeVille) காரை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். 70,000 மைல்தான் ஓடியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. வாங்கலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

இரண்டு பொருளும் உண்மைதான். இரண்டையும் அந்த நிறுவனமே தேடிக்கொண்டது. வாலில் இறக்கை வைத்த ஐம்பதுகளின் கார்களையும் மெத்தென்ற இருக்கைகளையும் வைத்துத்தான் காடிலாக்குக்குப் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிந்தைய கதை. அந்தப் பெயர் முதலில் அளவுகோலிலிருந்து வந்தது.

1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் இரண்டாவது கம்பெனியிலிருந்து வெளியேறினார். பணம் போட்டவர்கள் கம்பெனியை மூடிவிட நினைத்து, அங்கிருந்த இயந்திரங்களுக்கு விலை மதிக்க ஹென்றி லேலண்டை அழைத்தார்கள். மூட வேண்டாம், என்னிடம் ஓர் இன்ஜின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார் அவர். ஓல்ட்ஸ்மொபைலுக்காக அவர் மேம்படுத்தி, அவர்கள் வேண்டாமென்று விட்ட ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அது. அதே அளவுள்ள பழைய இன்ஜின் 3 குதிரைத்திறன் தந்த இடத்தில் இது 10 தந்தது. 1701-ல் டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார்கள்.

லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொழில் கற்றவர். பிறகு அளவுக் கருவிகள் செய்யும் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பொருந்த வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். பேரிங் விற்றுக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்லோனை ஒருமுறை கூப்பிட்டு, அவர் அனுப்பிய பேரிங்குகளை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்து, எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டினார். ஆயிரக்கணக்கில் செய்தாலும் முதலாவதும் கடைசியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். அந்த ஸ்லோன்தான் பின்னாளில் காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார்.

அன்றைய கார்த் தொழிலில் இதெல்லாம் வழக்கமில்லை. பாகம் பொருந்தாவிட்டால் ஃபிட்டர் அரத்தை எடுத்து ராவிப் பொருத்துவார். அதனால் ஒரு வண்டியின் பாகம் அடுத்த வண்டிக்குச் சேராது. 1908-ல் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் முன்னிலையில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். லண்டன் ஏஜென்டிடம் விற்பனைக்கு இருந்த வண்டிகளிலிருந்து மூன்றை எடுத்து, புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்துக்கு ஓட்டிப் போய், கடைசித் திருகாணி வரை கழற்றினார்கள். வண்டிக்கு 721 பாகம் வீதம் 2,163 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, ஏஜென்டின் ஸ்டாக்கிலிருந்து வேறு 89 பாகங்களைப் போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் வைத்துக்கொண்டு மெக்கானிக்குகள் மூன்று வண்டியையும் மறுபடி பூட்டினார்கள். அரம் கூடாது. ஒரே வண்டியில் வெவ்வேறு நிறப் பாகங்கள் கலந்து நின்றன. அந்த நிலையிலேயே 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடி முடித்தன. அதற்குத்தான் அந்தக் கிளப்பின் டூவர் கோப்பை கிடைத்தது. ‘உலகத்துக்கே தரம்’ என்ற பொருளில் அவர்கள் வைத்துக்கொண்ட வாசகத்துக்கு இந்தச் சோதனைதான் ஆதாரம். விளம்பரத்தை நம்பு என்று அவர்கள் சொல்லவில்லை, கலைத்துப் பார் என்றார்கள். இதில் எனக்குத் தீராத மதிப்பு உண்டு.

அடுத்தது, நாம் இன்றைக்கும் ‘செல்ஃப்’ என்று சொல்கிற ஸ்டார்ட்டர் மோட்டார். அதுவரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை முறியும். இன்ஜினைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டும், அதைத் தாங்கப் பெரிய பேட்டரி வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக் கைவிட்டிருந்தார்கள். அதைச் செய்து காட்டிய சார்லஸ் கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் கேஷ் ரிஜிஸ்டருக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தவர். சில நொடி மட்டும் ஓடப்போகிற மோட்டாருக்கு அதன் தாங்கும் சக்தியைவிடப் பல மடங்கு மின்சாரம் கொடுக்கலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அங்கே அவர் கண்டது. 1912 மாடலில் செல்ஃப், விளக்கு, பற்றவைப்பு மூன்றும் மின்சாரத்துக்கு வந்தன. டூவர் கோப்பை இரண்டாம் முறையும் வந்தது.

1915 மாடலில் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின். வேகம் கூடினால் அதிர்ந்தது. அந்த அதிர்வைக் குறைக்கும்படி க்ராங்க் ஷாஃப்டின் முழங்கைகளை 90 டிகிரி விலக்கி அமைத்தது 1924 மாடலில். இதற்கிடையே 1917-ல் லேலண்ட் கருத்து வேறுபாட்டால் வெளியேறி லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். அது நொடிந்தபோது 1922-ல் வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. ஃபோர்டு விட்டுப்போன கம்பெனி காடிலாக் ஆயிற்று, லேலண்ட் விட்டது ஃபோர்டிடம் போயிற்று. அமெரிக்காவின் இரண்டு சொகுசுக் கார்ப் பெயர்களுக்கும் ஒரே ஆள் தகப்பன்.

1930-ல் 7.4 லிட்டர் வி16 வந்த நேரம், பொருளாதாரம் சரிந்திருந்தது. பத்து ஆண்டில் அந்த வகை சுமார் 4,000 வண்டிதான் விற்றது. காடிலாக்கையே மூடிவிடலாமா என்று யோசித்த நாட்கள் அவை. கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்ற கொள்கையை ஷோரூம்கள் வைத்திருந்தன. வசதி படைத்த கறுப்பினத்தவர்கள் ஒரு வெள்ளையருக்குக் காசு கொடுத்து அவர் பெயரில் வாங்க வேண்டியிருந்தது. சர்வீஸ் பிரிவில் இருந்த நிக்கோலஸ் டிரேஸ்டாட், அவர்களுக்கு நேராகவே விற்போம் என்று மேலிடத்தில் வாதாடி, அது வண்டியைக் காப்பாற்றியது என்று சொல்வதுண்டு. 1934-ல் அவரே காடிலாக்கின் பொறுப்புக்கு வந்தார். காடிலாக் என்ற பெயருக்கு அந்த மக்களிடையே இன்றுவரை உள்ள இடத்தைப் புரிந்துகொள்ள இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உச்சம் என்று எதைச் சொல்வீர்கள் என்றால் நான் 1949-ஐச் சொல்வேன், 1959-ஐ அல்ல. 1949 மாடலில் வால்வுகளைத் தலைக்கு ஏற்றி 331 கன அங்குலத்தில் புது வி8 செய்தார்கள். 160 குதிரைத்திறன். பழைய இன்ஜினைவிடச் சுமார் 90 கிலோ இலேசு. அடுத்த ஆண்டே பந்தயக்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இரண்டு காடிலாக்குகளை லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று ஏறக்குறைய கடையில் விற்கிற வண்டியே. அது பத்தாவதாக வந்தது, மற்றது பதினொன்றாவதாக. வாலில் இறக்கை 1948-லேயே முளைத்துவிட்டது, பி-38 போர் விமானத்தைப் பார்த்து வரைந்தது. 1959-ல் அது மிக உயரமாக வளர்ந்தபோது வண்டியின் நீளம் 5.7 மீட்டர். அழகுதான். ஆனால் கண்ணை நம்பி விற்கத் தொடங்கியதும் அங்கேதான். 1957-ல் 13,074 டாலருக்கு விற்ற எல்டொராடோ புரோகாமில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்தார்கள். காற்று கசிந்து, காலையில் பார்த்தால் வண்டி தரையோடு படுத்திருக்கும். வாங்கியவர்களில் பலர் காயில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள்.

இனி உங்கள் நண்பர்களின் சிரிப்புக்கு வருவோம். 1975-ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் 1978 மாடல் முதல் அமலானது. 8.2 லிட்டர் இன்ஜின் வைத்துப் பழகிய நிறுவனம் அவசரமாக மூன்று வழியில் ஓடியது. மூன்றும் தவறின.

முதலாவது டீசல். 1980-ன் செவில் என்ற மாடலில் ஓல்ட்ஸ்மொபைலின் 5.7 லிட்டர் டீசலே ஸ்டாண்டர்டு. பெட்ரோல் இன்ஜின் செய்யும் அதே இயந்திரங்களில் செய்ய வேண்டும் என்பதற்காக சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றவில்லை. பெட்ரோலில் காற்றை எட்டில் ஒரு பங்காக அழுத்தினால் போதும். இதில் 22-ல் ஒரு பங்குக்கும் மேல். போல்ட் நீண்டுவிடும், ஹெட் கேஸ்கெட் விடும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் வைக்கவில்லை, பம்ப் துருப்பிடித்தது.

இரண்டாவது, 1981-ன் வி8-6-4. தேவை குறைந்தால் எட்டில் இரண்டையோ நான்கையோ நிறுத்திவிடும். வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் எந்தப் புள்ளியில் ஊன்றி ஆடுகிறதோ அந்த ஊன்றலை ஒரு மின்காந்தக் கருவி (சாலினாய்டு) விடுவித்துவிடும். கேம் தள்ளும், ராக்கர் வெறுமனே மேலே எழும்பி இறங்கும், வால்வு திறக்காது. இன்றைக்குப் பல கார்களில் இருக்கிற யோசனைதான், பிழையில்லை. அன்றைய கம்ப்யூட்டருக்குத்தான் அந்த வேகம் இல்லை. மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுத்தது. டீலர்கள் ஒரே ஒரு வயரைக் கழற்றிவிட்டார்கள். அதன்பின் அது சாதாரண எட்டு சிலிண்டர் இன்ஜின், நன்றாகவே ஓடியது.

மூன்றாவது 1982-ன் எச்டி4100. அலுமினிய பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும், நடுவில் இருக்கும் மேனிஃபோல்ட் கேஸ்கெட் தேயும். கூலண்ட் ஆயிலில் கலந்து கேமையும் பேரிங்கையும் தின்றுவிடும். கூலண்டில் கசிவை அடைக்கும் மாத்திரை போடச் சொன்னதும் இதனால்தான். கிட்டத்தட்ட 1,800 கிலோ வண்டியை இழுக்க 125 குதிரைத்திறன்.

அதே ஆண்டில் சிமரோன். செவ்ரோலே கவலியரின் உடம்பு, 88 குதிரைத்திறன், தோல் இருக்கை, 12,000 டாலர். இதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், பார்த்தாலே தெரிகிற தவறு அது, வேண்டாதவர் வாங்காமல் போகலாம். இன்ஜின் தவறு அப்படியல்ல. நம்பி வாங்கியவர், வண்டி நடுரோட்டில் நின்ற பிறகுதான் அறிவார். காடிலாக்கையே மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் இந்த இன்ஜின்களால்தான் ஜெர்மன் காருக்கும், 1989-க்குப் பிறகு லெக்ஸஸுக்கும் போயின.

2002-ல் வந்த சிடிஎஸ் கார், அதன் அதிவேக வி வகைகள், காந்தத்துக்குக் கட்டுப்படும் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர் என்று பிறகு நல்ல பொறியியல் திரும்பி வந்தது. 2008-ல் ஒரு சிடிஎஸ்-வி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தை எட்டு நிமிடத்துக்குள் சுற்றியது. இன்றைய காடிலாக்கைப் பார்த்துச் சிரிக்கக் காரணம் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்து வீட்டு டெவில் அதற்கு முந்தியது.

அதில் இருப்பது 4.6 லிட்டர் நார்த்ஸ்டார் என்ற வி8, 1993-ல் வந்தது. அருமையான இன்ஜின். கூலண்ட் முழுக்க வற்றினாலும் நான்கு நான்கு சிலிண்டராக மாற்றி மாற்றி எரித்து, மற்ற நான்கில் வெறும் காற்றை ஓட்டிக் குளிர்வித்துக்கொண்டு வீடு சேர்க்கும். குறை ஒன்றுதான், பெரிய குறை. ஹெட் போல்ட்டுகள் அலுமினிய பிளாக்கில் நெருக்கமான மரையில் பிடித்திருக்கின்றன. நாளாக ஆக மரை பொடிந்து, போல்ட்டோடு வந்துவிடும். பிற்பாடு வந்த மாடல்களில் மரையை அகலமாக்கினார்கள். உங்களுடையது அதற்கு முந்தையது.

வாங்குமுன் இப்படிப் பாருங்கள். இன்ஜின் இரவு முழுவதும் ஆறியிருக்கும்போது காலையில் கூலண்ட் டாங்க் மூடியைத் திறங்கள். ஆறிய வண்டியில் ‘புஸ்’ என்று காற்று வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது என்று பொருள். அளவு குறைந்திருக்கிறதா, மாதாமாதம் ஊற்றுகிறாரா என்று பெரியவரிடம் கேளுங்கள். ஏசி போட்டு ஹைவேயில் அரை மணி நேரம், நடுவில் ஏற்றம் வருகிற வழியாக ஓட்டுங்கள். மிதிக்கும்போது சூடேறி, விட்டால் இறங்கினால் சந்தேகப்படுங்கள். கடைகளில் கிடைக்கும் நீல நிறச் சோதனைத் திரவத்தை டாங்க் வாயில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீரும், மஞ்சளானால் கேஸ்கெட் போய்விட்டது.

மஞ்சளாகாமல் சூடு மட்டும் ஏறினால் உடனே கைவிட வேண்டாம். டாங்குக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயின் துளையுள்ள போல்ட்டில் அழுக்கு அடைத்திருக்கலாம், கம்பியால் குத்தினால் சரியாகும். வாட்டர் பம்ப்புக்குத் தனி பெல்ட், கேம் ஷாஃப்டிலிருந்து ஓடுகிறது. அதன் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். செல்ஃப் மோட்டார் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, அது போனால் மேல்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், கூலியைக் கணக்கில் வையுங்கள்.

ஹெட் வேலை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று அவர் சொன்னால் ரசீதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு ஹெட்டுக்கு பத்து வீதம் 20 துளைகளிலும் எஃகு மரை உறை போட்டு, புது போல்ட் மாட்டியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பழுதான நாலைந்து துளைக்கு மட்டும் போட்டு மற்றதை விட்டிருந்தால், விட்ட துளைகள் அடுத்து வரும். அந்த வண்டியைப் பெரியவரிடமே இருக்கவிடுங்கள்.