எம்மலின் வெல்ஸ்: பஞ்சத்துக்கென கோதுமை சேர்த்தவர்

"அதிகம் பேசப்படாத, ஆனால் உங்களை ஆழமாகப் பாதித்த பெண் தலைவர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் எம்மலின் வெல்ஸ். அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் சபை (அந்தக் காலத்தில் பலதார மணத்தை அனுமதித்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண்களின் அமைப்பான ரிலீஃப் சொசைட்டிக்கு 1910 முதல் 1921 வரை தலைவராக இருந்தவர். தமிழில் அதை ஒத்தாசைச் சங்கம் என்பார்கள். பதவி ஏற்கும்போது அவருக்கு வயது 82.

1828இல் பிப்ரவரி 29 அன்று மாசசூசெட்ஸில் பிறந்தார். 15 வயதில் கல்யாணம், 16 வயதில் ஒரு ஆண் குழந்தை. சில வாரங்களில் குழந்தை இறந்துவிட்டது. வேலை தேடிப் போன கணவன் திரும்பி வரவே இல்லை. மறு ஆண்டே, தன்னைவிட 30 வயதுக்கு மேல் மூத்த நியூவெல் விட்னிக்குப் பலதார மணத்தில் மனைவியானார். 1850இல் அவரும் இறந்தார். கையில் இரண்டு பெண் குழந்தைகள், இளையவள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

1852இல் அவர் செய்த காரியம்தான் என்னை முதலில் உலுக்கியது. விட்னியின் நண்பர் டேனியல் வெல்ஸுக்குத் தானே கடிதம் எழுதினார்: உங்கள் நண்பரின் விதவை தனியாக நிற்கிறாள், அவளை ஏற்பதைப் பற்றி யோசியுங்கள் என்று. வெல்ஸின் ஏழாவது மனைவி ஆனார். எனக்குப் பலதார மணத்தில் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் 24 வயதில் அந்தக் கடிதத்தை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வெல்ஸ் பின்னாளில் சால்ட் லேக் சிட்டியின் மேயர், பெரிய புள்ளி. எம்மலினோ பெரும்பாலும் தனி வீட்டில் மகள்களோடு இருந்தார். கணவருக்காகக் காத்திருந்த தவிப்பெல்லாம் அவருடைய டைரிகளில் கிடக்கிறது.

அப்படிப்பட்டவர் பெண்ணுரிமைக்குப் போராடினாரா என்றால், 37 ஆண்டுகள் எழுதியே போராடினார். 'வுமன்ஸ் எக்ஸ்போனென்ட்' என்ற பெண்கள் பத்திரிகைக்கு 1877 முதல் 1914 வரை ஆசிரியர். யூட்டா பெண்களுக்கு 1870இலேயே ஓட்டுரிமை கிடைத்திருந்தது. பலதார மணத்தை ஒடுக்க 1887இல் வந்த சட்டத்தில் மத்திய அரசு அதையும் பறித்துக்கொண்டது. விடாமல் போராடி, 1896இல் யூட்டா மாநிலமானபோது திரும்பப் பெற்றார்கள். மார்மன் பெண்களை அடிமைகள் என்று வெளியுலகம் பரிதாபப்பட்ட காலத்தில், 'எங்களுக்காக நாங்களே பேசுகிறோம்' என்று வாஷிங்டன் வரை போய் நின்றவர் இவர்.

ஆனால் என் மனதில் அவர் நிற்பது கோதுமையால்தான். 1876இல் சபைத் தலைவர் பிரிகம் யங், பஞ்ச காலத்துக்குத் தானியம் சேர்த்து வைக்கும் பொறுப்பை எம்மலினிடம் ஒப்படைத்தார். பெண்கள் அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய கதிர்களைப் பொறுக்கினார்கள், சிறுகச் சேர்த்த காசில் மூட்டை வாங்கினார்கள், ஊர் ஊராகக் களஞ்சியம் கட்டினார்கள். பூச்சி, எலி, ஈரம் எல்லாவற்றிலிருந்தும் காப்பது அவர்கள் பாடு. 1906இல் சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கு அந்தக் களஞ்சியங்களிலிருந்து மாவு போனது. 1918இல், முதல் உலகப் போரின்போது, 2 லட்சம் புஷலுக்கு (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) மேல் கோதுமையை அரசுக்கு விற்றார்கள். ஏறத்தாழ 5,400 டன்! அந்தப் பணத்தின் வட்டி பின்னர் பிரசவ உதவிக்கும் குழந்தை நலத்துக்கும் போனது. 1919இல் சால்ட் லேக் சிட்டிக்கு வந்த அதிபர் வில்சன், 91 வயது எம்மலினை நேரில் போய்ப் பார்த்து நன்றி சொன்னார்.

கடைசிக் கட்டம்தான் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு முந்தைய மூன்று தலைவர்களும் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர்கள். அவருக்கும் அந்த எதிர்பார்ப்பு இருந்தது. 1921 ஏப்ரல் தொடக்கத்தில், நோயில் கிடந்தவரைப் பதவியிலிருந்து விடுவித்தார்கள். அது அவரை மிகவும் நோகடித்தது. அதே ஏப்ரல் 25 அன்று, 93 வயதில் கண் மூடினார்.