களனிச் சேறு போத்தலில் தெளியவில்லையா?

வணக்கம் சகோதரி. களனி கங்கைச் சேற்றைப் போத்தல் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க வைத்தும் தெளியவில்லை, மகளின் தரம் 6 கண்காட்சி நெருங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பிழை உங்களிடம் இல்லை. மணல் சில வினாடிகளில் இறங்கிவிடும்; வண்டலுக்குச் சில மணி நேரம் போதும். 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய களித்துணிக்கைகள்தாம் அடம்பிடிப்பவை. எல்லாமே மறையேற்றம் (எதிர் மின்னேற்றம்) கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளியபடி மிதக்கின்றன. ஒரு தேக்கரண்டி உப்பைக் கலந்து அசைக்காமல் வையுங்கள், திரண்டு படியும். முகத்துவாரத்தில் கங்கை கடலைத் தொடும்போதும் இதுவே நடக்கிறது (அட்டையில் இதை எழுதினால் ஆசிரியர் நிச்சயம் நின்று வாசிப்பார்).

அதே அட்டையில் பண்டைய ஆற்று நாகரிகங்களின் வண்டலைப் பற்றியும் எழுதுவதானால், நைலையும் மெசொப்பொத்தேமியாவையும் மட்டும் ஒரே வரியில் அடக்காதீர்கள். நைல் வெள்ளம் கோடையில் பெருகி, எத்தியோப்பிய மலைகளின் எரிமலைப்பாறை வண்டலை வயலில் விட்டு, விதைப்புக்கு முன் வடிந்தது. மெசொப்பொத்தேமியாவின் ஆறுகளான யூப்பிரட்டீஸ், தைகிரிஸ் வெள்ளமோ வசந்தத்தில், கதிர் முற்றும் வேளையில் வந்தது. அங்கே வண்டல் கால்வாய்களை அடைத்தது. ஓயாமல் தூர்வார வேண்டியிருந்தது. வரமும் தொல்லையும் ஒரே சேறுதான்.

போத்தலை வாகனத்தில் கொண்டுபோனால் மறுபடி கலங்கும். முதல் நாளே பாடசாலையில் வைத்துவிடுங்கள்.